விழத் தெரிந்த அக்கா

எனக்குக் குதிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையில் குதிப்பதைச் சொல்லவில்லை. அதுவும் தெரியாது என்பது வேறு விஷயம். வீடியோ கேமில் குதிப்பதைச் சொல்கிறேன். கதாநாயகி பள்ளத்தைத் தாண்டும்போது நானும் நாற்காலியிலிருந்து எழும்பிவிடுவேன். அவள் இடது பக்கம் சாய்ந்தால் நானும் இடது பக்கம் சாய்வேன். ஒருமுறை அவள் பாறையைப் பிடித்துத் தப்பித்துக்கொண்டாள், நான் கீழே விழுந்தேன். சக்கரம் வைத்த நாற்காலி. முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவன் பிழைப்பு நடத்துவதே கேம் டெஸ்டிங்கில்தான் என்றால், என்னை வேலைக்கு எடுத்தவர்களின் அறிவைப் பற்றி நீங்கள் என்ன முடிவுக்கு வந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் வருங்கால மாமனார், "மாப்பிள்ளை எதுல இருக்கீங்க?" என்றார். "கேம் விளையாடறேன் சார்" என்றேன், பெருமையாக. அவர் சொஜ்ஜித் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அது சரி, ஆபீஸ்ல என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

ஆபீஸில் அதுதான். பெருங்களத்தூரில் தண்டவாளத்தை ஒட்டிய கட்டடம், மூன்றாவது மாடி. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வருடக்கணக்காகப் பாகம் பாகமாக எடுத்துத் தள்ளும் ஒரு சாகச விளையாட்டு. இடுப்பில் கயிறும் கொக்கியும் கட்டிய ஒரு பெண், இடிந்த கோட்டை, குகை, அந்தரத்தில் ஆடும் பாலம் என்று தாவித் தாவிப் போவாள். முதல் பாகம் வந்தபோது நான் அரை டிராயர். ஐந்தாம் பாகத்திலிருந்து அதில் பிழை கண்டுபிடிக்கும் வேலை எங்கள் ஆபீஸுக்கு வந்தது. பன்னிரண்டு பேர். அதில் நான் தலைவன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கு இங்கிலீஷில் மெயில் எழுத வரும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் அக்கா. வயது நாற்பதைத் தொட்டிருக்கும். மற்றவர்கள் எல்லாரும் காதில் வளையமும் தலையில் சாயமுமாக இருந்த கூட்டத்தில், இவர் மட்டும் நூல் புடவையில், செருப்பை மேஜைக்கு அடியில் ஜோடியாக விட்டுவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். கன்ட்ரோலரைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்திருப்பார், சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல. எல்லாரும் அவரைச் 'சுவரக்கா' என்றோம்.

நான் சேர்ந்த முதல் வாரம் ஐந்தாம் பாகத்தை ஆறே நாளில் முடித்துவிட்டேன். பக்கத்து ஸீட் பையன்களைத் தாஜா பண்ணி, கஷ்டமான குதிகளை எல்லாம் அவர்களைக் குதிக்கச் சொல்லி முடித்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து நின்று கை தட்டினேன். எனக்கு நானே.

அக்கா திரும்பிப் பார்த்தார். "இன்னா சார் ஆச்சு?"

"முடிச்சிட்டேன் அக்கா. முழு கேமும்."

"முடிக்கறது கடையில வாங்கறவன் வேல சார். நம்ம வேல விழறது."

அவ்வளவுதான். மறுபடி திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவர் அப்போது ஒரு கோட்டைச் சுவரோரமாக அந்தப் பெண்ணை உரசிக்கொண்டே நடத்திக்கொண்டிருந்தார். இடது மூலையில் ஆரம்பித்து, ஒரு கல் விடாமல். முட்டுவார், நகர்வார், முட்டுவார், நகர்வார். இந்த மாதிரி விளையாட்டுகளில் சுவர் மாதிரித் தெரிந்து சுவராக இல்லாத இடங்கள் இருக்கும். தரை மாதிரித் தெரியும், கால் வைத்தால் தரை இருக்காது. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரே வழி, முட்டிப் பார்ப்பதும் விழுந்து பார்ப்பதும்தான். மற்றவர்கள் அரை மணி நேரம் செய்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அக்கா காலை பத்து மணிக்கு ஒரு சுவரில் சேர்ந்தால் மாலை அந்தச் சுவரின் மறு கோடியில் இறங்குவார்.

விழுகிற விஷயத்திலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது அந்தப் பெண்ணைக் கீழே தள்ளிவிடுவார். ஒவ்வொரு தடவையும் அவள் 'ஆ'வென்று அலறிக்கொண்டு போவாள். எங்களுக்குக் கீழ் மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஒருநாள் வெள்ளைக் கோட்டோடு மேலே ஏறி வந்து கை கூப்பினார். "நாற்காலில வாயத் தொறந்து உக்காந்திருக்கறவங்க, மேல ஒரு பொம்பள கத்தறதக் கேட்டு எழுந்து ஓடறாங்க. கொஞ்சம் சத்தத்தக் கொறைங்கம்மா."

அக்கா கன்ட்ரோலரை வைக்காமலே சொன்னார்: "எங்க பொண்ணு விழுந்தா தான் டாக்டர் கத்துது. உங்க ஆளுங்க உக்காந்துகினே கத்துறாங்களே, அத்த இன்னா பண்றது?"

டாக்டர் சிரித்துவிட்டார். அக்கா அன்றே சத்தத்தைக் குறைத்தும் வைத்தார். ஆனால் விழுவதைக் குறைக்கவில்லை.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "ஒரு வாட்டி விழுந்தா என் கை மேல தப்பு. ரெண்டு வாட்டி விழுந்தா என் கண்ணு மேல தப்பு. மூணு வாட்டி விழுந்தா அது செஞ்சவன் மேல தப்பு. அதுக்கு மேலயும் போய் விழுந்தா எனுக்குத்தான் கிறுக்குனு அர்த்தம்." மூன்று தடவை பார்க்காமல் எதையும் எழுத மாட்டார். மூன்று தடவை பார்த்த பிறகு எதற்காகவும் நாலாவது தடவை பார்க்க மாட்டார். எழுதும்போதும் மூன்றே வரி. எந்த இடம், என்ன செய்தேன், என்ன வந்திருக்க வேண்டும் என்ன வந்தது. அவருடைய இங்கிலீஷில் இலக்கணம் நொண்டும், விஷயம் நொண்டாது. வெளிநாட்டில் இருந்தவர்கள் என் நான்கு பத்தி மெயிலைப் படிக்காமல் அவருடைய மூன்று வரியைப் படிப்பார்கள்.

இது ஆபீஸோடு நிற்கிற பழக்கமும் இல்லை. டீக்கடை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருமுன் நான்கு காலையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் கைப்பிடியை ஆட்டிக்கொண்டே ஏறுவார். நான் ஊரப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கியபோது கிரகப்பிரவேசத்துக்கு வந்தார். வந்தவர்கள் எல்லாரும் ஹாலையும் பால்கனியையும் பார்த்து "சூப்பர், சூப்பர்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, ஹாலில் ஆரம்பித்து மூன்று அறையையும் சுற்றிவிட்டுச் சமையலறைக்குள் போனார். குதிகாலால் தரையைத் தட்டினார். மறுபடி தட்டினார். மூன்றாவது தடவை தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அடுப்பாண்ட இந்த டைல்ஸுக்குக் கீழ ஒண்ணும் இல்ல சார். காலி."

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. புது வீட்டில் வந்து சொல்கிற வார்த்தையா அது? "என்னங்க உங்க ஆபீஸ் அக்கா, பூஜை நடக்கற எடத்துல காலி காலின்னுட்டு" என்று இரண்டு நாள் புலம்பினாள். மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம், சரியாக அந்த டைல் பட்டென்று வெடித்துத் தூக்கிக்கொண்டு நின்றது. என் மனைவி அதன்மேல் ஒரு மிதியடியைப் போட்டு மூடிவிட்டு, அக்காவைப் பற்றி அதன்பிறகு எதுவும் பேசவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அக்கா காலி என்று சொன்ன இடம் காலியாகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். என் வீட்டு அடுப்பங்கரையிலேயே சாட்சி இருந்தது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அக்கா பிறந்தது, வாழ்க்கைப்பட்டது இரண்டும் பொழிச்சலூர். தலைக்கு மேலே விமானம் இறங்கும் ஊர். அங்கே இருப்பவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால், பாதி வாக்கியத்தில் அப்படியே நிறுத்திவிடுவார்கள். சத்தம் போனதும், விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். யாரும் யாரையும் "அப்புறம்?" என்று கேட்பதில்லை. மிச்சம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டு, ஆபீஸில் ரயில் போகும்போதும் நிறுத்திவிடுவார். எக்ஸ்பிரஸ் போனால் அரை நிமிஷம்கூட ஆகும். ஒரு விரல் உயர்ந்தபடியே நிற்கும். ரயில் போனதும், "...ஏணிக்குப் பின்னால சார்" என்று முடிப்பார். சேர்ந்த புதிதில் நான் குறுக்கே பேசி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "நா முடிக்கல சார். சத்தம் போவட்டும்னு நின்னேன்."

வீட்டில் அவர் வேலைக்கு மரியாதை இல்லை. ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலம் மனையாகி, மனை வாடகை வீடுகளாகி, வீட்டுக்காரர் வாசலில் ஹார்டுவேர் கடை போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி வேலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை என்பது அங்கே ஏகமனதான தீர்ப்பு. அதிலும் இந்த வேலை!

"சொந்தக்காரங்க வந்தா எங்க வூட்டுக்காரரு இன்னா சொல்றாரு தெரியுமா சார்? எங்க வூட்டம்மா வெளாடப் போயிருக்குதுன்றாரு. எல்லாம் சிரிக்கும். நானுந்தான் சிரிப்பேன், இன்னா பண்றது."

"உங்க பொண்ணு?"

"அதுவும் அது பிரெண்டுங்களும் பொத்தேரில காலேஜாண்ட ரூம் எடுத்து கீதுங்க. எந்நேரமும் நம்ம கேம்தான் ஆடுதுங்களாம். இது எங்கம்மா பாத்த கேமுன்னு சொல்லிச்சாம். சும்மா கத வுடாதடின்னுட்டாங்களாம்."

விளையாட்டு முடிந்ததும் கடைசியில் பெயர்கள் ஓடும். கால் மணி நேரம் ஓடும். படம் வரைந்தவர், இசை போட்டவர், அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், அந்த வருடம் அவர்கள் ஆபீஸில் பிறந்த குழந்தைகள், ஒரு நாய் உட்பட எல்லாருக்கும் பெயர் வரும். எங்களுக்கு வராது. எங்கள் கம்பெனியின் பெயர் மட்டும் ஒரு வரியில், நாய்க்கு அப்புறம். நாங்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அக்கா மட்டும் ஒவ்வொரு பாகத்துக்கும் கடைசிவரை பார்ப்பார். யாராவது பட்டனை அழுத்தித் தள்ளிவிடப் பார்த்தால் கையைத் தட்டிவிடுவார். "எல்லாம் விழுந்து எழுந்தவங்கப்பா. ஓடட்டும் வுடு."

ஏழாம் பாகத்துக்கு அந்த அதிசயம் நடந்தது. இந்தத் தடவை உங்கள் ஆட்களின் பெயரைத் தனித்தனியாகப் போடுகிறோம், பன்னிரண்டு பெயரை எழுதி அனுப்புங்கள் என்று மெயில் வந்தது. நான் சத்தமாகப் படித்தேன். எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். அக்கா கத்தவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கிலீஷில் அவர் பெயரை மூன்று விதமாக எழுதி, இரண்டை அடித்திருந்தார். ஒன்றில் அப்பாவின் இனிஷியல். ஒன்றில் கணவரின் இனிஷியல். அடிக்காமல் விட்டதில் எதுவும் இல்லை.

"வெறும் பேரு போதும் சார்."

"இனிஷியல் வேணாமாக்கா? வீட்ல எதுவும் சொல்ல மாட்டாங்களா?"

"விழுந்தது நான் ஒருத்திதான?"

சீட்டை மடித்து என் மேஜை டிராயரில் வைத்தேன். போகும்போது திரும்பி, "டிவில வரும்ல? பெருசா?" என்றார். வரும் என்றேன். "அப்ப அன்னிக்கு எல்லாரையும் கூட்டிவச்சு ஓட வுடறேன். வெளாடப் போனது யாருன்னு பாக்கட்டும்" என்றார். அவர் தனக்காக ஏதாவது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் ஆரம்பித்துவிட்டேன்.

ஏழாம் பாகத்தில் ஒரு மூங்கில் பாலம். கயிற்றில் தொங்கி, கையை விட்டு, அந்தரத்திலேயே பின்னால் திரும்பி, பாலத்தின் கடைசிக்கு மூன்றாவது பலகையில் இறங்கினால், எப்போதாவது ஒரு தடவை, பலகை இருக்காது. அக்காதான் கண்டுபிடித்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். என் கண் முன்னால் இருபது தடவை குதித்தும் அது வரவில்லை. "காலைல ரெண்டு மணி நேரத்துல ரெண்டு வாட்டி வந்துச்சு சார். கீழ தரையில்ல. ஒரே வெள்ளையா கீது. சாவ மாட்டேங்குது, கத்த மாட்டேங்குது. விழுந்துகினே கீது."

எங்கள் ஆட்கள் எழுதுவது முதலில் எங்கள் உள் பட்டியலுக்கு வரும். நான் ஒவ்வொன்றையும் நானே செய்து பார்த்து, வந்தால் வெளிநாட்டுக்கு அனுப்புவேன். வராவிட்டால் 'மறுபடி வரவில்லை' என்று முத்திரை குத்தி மூடுவேன். மறுநாள் மூன்றாவது தடவையும் வந்த பிறகு அக்கா எழுதியதை எடுத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். கயிற்றில் தொங்கினேன். கையை விட்டேன். திரும்ப வேண்டும். அங்கேதான் சிக்கல். அந்தரத்தில் திரும்புகிற அந்தக் குதி எனக்கு வரவே வரவில்லை. பத்து தடவை செய்தேன், பத்து தடவையும் அந்தப் பெண் திரும்பாமல் நேராகப் போய்ப் பாறையில் மோதி அலறினாள். கீழே பல் டாக்டருக்கு என்ன தோன்றியதோ.

அதாவது, பிழை வரவில்லை என்பதல்ல விஷயம். பிழை வருகிற இடத்துக்கு எனக்குப் போகவே தெரியவில்லை. "அக்கா, எனக்கு இந்தக் குதி வரல, கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பன்னிரண்டு பேருக்குத் தலைவன். எப்படிக் கேட்பது? 'மறுபடி வரவில்லை' என்று குத்திவிட்டு ஆட்களோடு பிரியாணி சாப்பிடப் போனேன்.

அடுத்த வாரம் அக்கா அதையே மறுபடி எழுதினார். மறுபடி மூடினேன். அதற்கு அடுத்த வாரமும் எழுதினார். மூடினேன். நாலாவது தடவை எழுதவில்லை. அவர் சட்டம் உங்களுக்குத் தெரியுமே.

விளையாட்டு கடைக்கு வரச் சில வாரம் முன்னால், விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு முதல் பிரதிகளை அனுப்பினார்கள். அதில் ஒருவர் அந்தப் பாலத்தில் திரும்பிக் குதித்தார். வெள்ளை வெளியில் கயிற்றுக்காரி விழுந்துகொண்டே இருக்கிற வீடியோவை ஊரே பார்த்துச் சிரித்தது. மறுநாள் காலை பதினோரு மணிக்கு எங்களை வீடியோ காலில் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் அவர்களுடைய மேலாளர், ஒரு அம்மாள். இந்தப் பக்கம் ஜன்னலோரம் நானும் அக்காவும்.

"அந்தக் கட்டத்தைச் சோதித்தது யார்?" என்றார் அந்த அம்மாள், இங்கிலீஷில்.

அக்காவைக் காட்டினேன். "சொல்லுங்கக்கா. நான் இங்கிலீஷ்ல சொல்லிடறேன்" என்றேன்.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்தார். "அந்தப் பாலத்த நானு..." என்று ஆரம்பித்தார். தெற்கே போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஜன்னலை ஒட்டி வந்தது. அக்கா நிறுத்தினார். ஒரு விரல் உயர்ந்தபடி நின்றது.

எங்கள் மைக் வெளியே கேட்கும் சத்தத்தை எல்லாம் வடிகட்டிவிடும். அந்தப் பக்கத்துக்கு ரயில் கேட்காது. ஒரு பெண் வாயைத் திறந்து, பேச்சு வராமல், விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பது மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்த அம்மாள் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவரிடம் பதில் இல்லையா?" என்றார்.

பதில் இருந்தது. பதினைந்து பெட்டி தூரத்தில் இருந்தது. உலகத்திலேயே அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சோதித்தார். கவனிக்காமல் விட்டுவிட்டார். மனிதத் தவறுதான்" என்றேன் நான். நல்ல இங்கிலீஷ். சொன்னேனே, அதற்காகத்தான் என்னைத் தலைவனாக்கினார்கள்.

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கடைசிப் பெட்டி போனது. அக்கா விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

"...மூணு வாட்டி எழுதிக் குடுத்தேன் சார்."

திரையில் அவர்கள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கம் சாய்ந்து, ரகசியமாக, "சொல்லிட்டீங்களா?" என்றார்.

"சொல்லிட்டேன்க்கா."

சாயங்காலம் மெயில் வந்தது. பட்டியலில் அந்த டெஸ்டரின் பெயர் வேண்டாம், பதினொன்று அனுப்புங்கள். இரண்டு வரி. நான் பதில் எழுத உட்கார்ந்தேன். உண்மையை எழுத எவ்வளவு வரி ஆகும் என்று பார்த்தேன். அக்காவாக இருந்தால் மூன்று வரி போதும். நான் பதினொரு பெயரை எழுதி அனுப்பினேன். முதல் பெயர் என்னுடையது.

விளையாட்டு வெளிவந்த அன்று மத்தியானம் ஆபீஸ் ஹாலில் பெரிய டிவியில் கடைசிப் பெயர்களை ஓட விட்டார்கள். கேக் வாங்கியிருந்தோம். எங்கள் பெயர்கள் வந்ததும் ஒரே கூச்சல், விசில். அவரவர் பெயரைப் போனில் படம் பிடித்தார்கள். அக்கா டிவிக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். எங்கள் பெயர்கள் மேலே போய் மறைந்தன. இந்தத் தடவை நாய் எங்களுக்கு அப்புறம்தான் வந்தது. அக்கா நகரவில்லை. கடைசி எழுத்துவரை பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி போடுங்க சார். சிலது மொதல் வாட்டி வராது" என்றார்.

நான்தான் ரிமோட்டை வைத்திருந்தேன். போட்டேன். பாதிப் பேர் கேக்கை எடுத்துக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போயிருந்தார்கள். கால் மணி நேரம். வரவில்லை.

"இன்னொரு வாட்டி."

மூன்றாவது தடவை ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் டிவியைப் பார்க்கவில்லை. தட்டில் கிரீம் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடி முடிந்தது. அக்கா தன் இடத்துக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து டைப் அடிக்கத் தொடங்கினார். ஐந்து நிமிஷத்தில் உள் பட்டியலில் ஒரு புகார் வந்து விழுந்தது. மூன்று வரி. இடம்: கடைசிப் பெயர்கள். செய்தது: மூன்று தடவை பார்த்தேன். வர வேண்டியது: பன்னிரண்டு பெயர். வந்தது: பதினொன்று.

பொத்தேரி அறையில் அதே வாரம் அக்காவின் பெண்ணும் சிநேகிதிகளும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பொழிச்சலூர் வீட்டில் எல்லாரையும் கூட்டிவைத்து ஓட விட்டாரா என்றும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் உள் பட்டியலை மூட வேண்டும். ஒரு புகார் திறந்திருந்தாலும் அது மூடாது. அக்காவுடையது ஒன்றுதான் பாக்கி. 'மறுபடி வரவில்லை' என்று குத்த முடியாது. அவர் மூன்று தடவை பார்த்துவிட்டார், நானே ரிமோட் அழுத்தியிருக்கிறேன். மிச்சமிருந்த முத்திரை ஒன்றுதான்: 'அமைப்பே அப்படித்தான்'. பிழை இல்லை, வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். குத்தினேன். இருபது வருட சர்வீஸில் நான் உண்மையாகக் குத்திய ஒரே முத்திரை அதுதான் என்று சொல்ல ஆசை. இருபது வருடம் எல்லாம் இல்லை, பன்னிரண்டுதான். இந்த இடத்திலும் ஒரு பொய்.

அக்கா அந்த மாதத்தோடு நின்றுவிட்டார். கடைசி நாள் மேஜையைத் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். நான் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "என்னக்கா, திடீர்னு..." என்று இழுத்தேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தத் திரும்பிக் குதிக்கறது உங்களுக்கு வருதா சார் இப்ப?" என்றார்.

"இல்லக்கா" என்றேன்.

"கட்ட விரல முன்னாடியே எடுத்துடறீங்க. அது திரும்பற வரைக்கும் அமுக்கிகினு இருக்கணும். நாலு மாசமா பாத்துகினு கீறேன்." கோபமே இல்லாமல் சொன்னார். "கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன்."

பிறகு படிக்கட்டின் கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இப்போது பம்மலில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாராம். ஒவ்வொரு ஷூவையும் மூன்று தடவை வளைத்துப் பார்க்கிறாராம். எங்களோடு இருந்த ஒருவன் சொன்னான். அங்கேயும் பெயர் போட மாட்டார்கள். ஆனால் போடுகிறேன் என்று யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

நான் மேலே போய்விட்டேன். இப்போது நான்கு குழுக்களுக்குத் தலைவன். எனக்கென்று கண்ணாடி அறை இருக்கிறது. போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலமாரியிலிருந்து ஏழாம் பாகத்தின் பழைய பிரதியை எடுத்துப் போட்டேன், அந்தப் பாலத்தைச் சரிசெய்வதற்கு முந்தைய பிரதி. கயிற்றில் தொங்கினேன். கையை விட்டேன். கட்டை விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் அந்தரத்தில் திரும்பினாள், முதல் தடவையாக. நாற்காலியிலிருந்து நான் எழும்பவில்லை என்பதையும் கவனித்தேன். பலகையில் பத்திரமாக இறங்கினாள். நாலு நாள், மத்தியானம் சாப்பிடாமல் குதித்தேன். ஐந்தாம் நாள் பலகை இல்லை.

அக்கா சொன்னது போலவேதான். ஒரே வெள்ளை. கத்தவில்லை, சாகவில்லை, விழுந்துகொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. வெளியே ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "சார், மீட்டிங்" என்றான்.

எட்டாம் பாகம் வரப்போகிறது. பட்டியலை அனுப்புவது இன்றைக்கும் நான்தான். டிராயரில் அந்தத் துண்டுச் சீட்டு இன்னும் இருக்கிறது. அவர் பெயரை இங்கே நான் எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். போட வேண்டிய இடத்தில் போடாதவன் இங்கே போட்டுப் பெரிய மனுஷனாக வேண்டாம் என்றுதான். ஆனால் எட்டாம் பாகத்தின் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தேன். வெளிநாட்டுக்கு ஒரு மெயிலும் எழுதினேன், பாலத்தைப் பற்றி, ரயிலைப் பற்றி, என் கட்டை விரலைப் பற்றி. எழுதி முடித்ததும் பார்த்தால் மூன்று வரிதான் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது. அவர்களுக்கு அது பழைய கதை.

பிறகு அக்காவுக்கு போனில் மெசேஜ் அனுப்பினேன். நாலு தடவை அடித்து நாலு தடவை அழித்தேன்.

"அக்கா, அடுத்த மாசம் எட்டாம் பாகம் வருது. கடைசில உங்க பேர் வரும். வெறும் பேர்தான், நீங்க எழுதிக் குடுத்த மாதிரியே. அன்னைக்கு ரயில் போனப்ப நான் அவங்ககிட்ட சொன்னது பொய். நீங்க எழுதிக் குடுத்ததைச் சொல்லவே இல்ல. இப்ப சொல்லிட்டேன். இந்தத் தடவ நிச்சயமா வரும்க்கா. ஒரே ஒரு தடவ, கடைசி வரைக்கும் பாருங்க."

படித்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை. விமானம் ஏதாவது போய்க்கொண்டிருக்கும், மிச்சம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் வந்தது.

"மூணு வாட்டி பாத்துட்டேன் சார்."